உனக்குக் கேட்காது என்று எனக்குத் தெரியும்

பிரியமுள்ள என் கோமதி அக்காவுக்கு,

இருபத்தோரு வருஷமாக நான் யாரையும் அக்கா என்று கூப்பிட்டதில்லை. அந்தச் சொல்லை உனக்கென்று பொத்திப் பொத்தி வைத்திருந்தேன் என்று நினைத்துவிடாதே. வாயில் வரவில்லை, அவ்வளவுதான். இன்றைக்குக் காகிதத்தில் எழுதும்போதுகூடக் கை கூசுகிறது.

இரண்டு வாரத்துக்கு முன்னால் குற்றாலம் போயிருந்தேன். தனியாக. சனி, ஞாயிறு இரண்டு நாள். அம்பாசமுத்திரத்திலிருந்து தென்காசிக்கு ரயில், அங்கிருந்து கரியில் ஓடுகிற பஸ். யுத்தம் வந்ததிலிருந்து பெட்ரோல் கிடைப்பதில்லை. பஸ்ஸின் முதுகில் ஓர் அடுப்பைக் கட்டி, கரியைக் கொட்டி, ஓர் ஆள் நின்று ஊதிவிடுகிறான். மூன்று மைல் போவதற்குள் இரண்டு தடவை நின்றது. நீ பார்த்திருந்தால் சிரித்திருப்பாய். நீ எதைப் பார்த்தாலும் சிரிப்பாய், அதுதானே உனக்கு வினையாக வந்தது.

வீட்டில் இவரிடம், உலகம்மைக்கு வரன் கூடிவர இலஞ்சி முருகனுக்கு நேர்ந்திருக்கிறேன், ஒத்தையாகப் போய் இரண்டு நாள் இருந்து கும்பிட வேண்டும் என்று சொன்னேன். இவர் பள்ளிக்கூட வாத்தியார். சனி ஞாயிறு வீட்டில்தான் இருப்பார். "ஏன், ஜோடியாப் போனா முருகன் வேண்டாம்பாரா?" என்று கேட்டார். நல்ல மனுஷர். அவரிடமும் பொய்தான் சொன்னேன். பொய் சொல்வது நம் வீட்டிலிருந்து நான் கொண்டுவந்த சீதனம்.

உலகம்மை என் மூத்த மகள். உனக்குத் தெரியாது. பதினேழு வயது. உன் சாயல் கொஞ்சமும் இல்லை என்று நிம்மதியாக இருந்தேன். ஆறேழு மாதமாக வலது பக்கமிருந்து கூப்பிட்டால் அவள் திரும்புவதில்லை. பால் பொங்கி அடுப்பில் வழிகிற சத்தம் கேட்பதில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், ஒன்றும் சொல்லவில்லை. எனக்கே இவள் தம்பி பிறந்தபோது இடது காது போய்விட்டது. அதையும் யாரிடமும் சொல்லவில்லை. வலது பக்கமாகவே எல்லோரையும் உட்கார வைத்துச் சமாளித்து வருகிறேன்.

கடையத்திலிருந்து திங்கட்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள் என்று முடிவாயிற்று. அப்படி முடிவான அன்றே சாயங்காலம் அவள் என்னிடம் வந்து நின்றாள். "அன்னிக்கு நீ எனக்கு வலது பக்கமா உக்காந்துக்கோம்மா. யாராவது எதாவது கேட்டா எனக்கு மட்டும் தெரியிற மாதிரி சாடை காட்டு" என்றாள்.

சரி என்றேன். சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய் உட்கார்ந்தேன். சாடை காட்டுவதில் என்னைவிடக் கைதேர்ந்தவள் இந்த ஜில்லாவில் உண்டா, அக்கா?

இலத்தூர்க்காரர்கள் உன்னைப் பெண் பார்க்கக் குத்துக்கல்வலசையில் நம் வீட்டுக்கு வந்த நாள் நினைவிருக்கிறதா? உனக்குப் பதினேழு, எனக்குப் பன்னிரண்டு. அதற்கு ஒரு வருஷம் முன்பே உன் இரண்டு காதும் மந்தமாகிவிட்டன. அப்பா இல்லாத வீட்டில் இரண்டு பெண்களை வைத்திருந்த அம்மா ஒரு வாரம் நமக்கு ஒத்திகை நடத்தினாள். நான் உன் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினால் "ஆமா" சொல்ல வேண்டும். இரண்டு கிள்ளு என்றால் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். முந்தானையை இழுத்தால் எழுந்து கும்பிட வேண்டும்.

உன் மாமியாராக வரப்போகிறவர், "தோசைக்கு ஆட்டத் தெரியுமாம்மா?" என்று கேட்டார். நான் பதற்றத்தில் இரண்டு கிள்ளு கிள்ளிவிட்டேன். நீ தலையைக் குனிந்துகொண்டாய். "என்ன அடக்கம் பாரு!" என்று அவர்கள் பூரித்துப் போனார்கள். கேட்டதற்குப் பதில் பேசாத மருமகள் யாருக்குத்தான் கசக்கும்? அன்றைக்கே வெற்றிலை பாக்கு மாற்றினார்கள். அம்மா எனக்கு இரண்டு அதிரசம் கூடத் தந்தாள்.

இலத்தூரில் உன் தொடையைக் கிள்ள ஆள் இல்லை. நீ உதட்டைப் பார்த்துப் பார்த்துக் காலம் தள்ளினாய். புரியாத இடத்தில் சிரித்தாய். மாமியார் வைதாலும் சிரித்தாய், இழவு வீட்டிலும் சிரித்தாய். முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டால் திரும்பவில்லை. பிள்ளை பிறந்த பிறகு கொஞ்சநஞ்சம் இருந்ததும் போயிற்று.

அப்புறம் அந்த எறும்பு. தொட்டிலில் கட்டெறும்பு ஏறி, பிள்ளை வீறிட்டு அழுது தெருவே கூடிவிட்டது. நீ அடுத்த அறையில் உட்கார்ந்து பருப்புப் பொறுக்கிக்கொண்டிருந்தாய். உள்ளே ஓடிவந்தவர்களைப் பார்த்து, வாங்க என்று சிரித்தாயாம்.

மறுநாளே உன் மாமியார் நம் வீட்டு வாசலில் வந்து நின்றார். "ஒங்க மவளுக்குப் புத்தி பெரண்டு போச்சு. பிள்ள அங்கன கதறுது, இவ இங்கன இருந்து சிரிக்கா. பெத்தவளா இவ?"

அம்மா ஒரு நொடி யோசித்தாள். நான் பார்த்தேன், ஒரே நொடிதான். பிறகு மாரில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். "எங்க வீட்ல இருந்த வரைக்கும் நல்லாத்தான இருந்தா! ஒங்க வீட்டுப் புளியமரத்துல என்னத்த வச்சிருந்தியளோ, எம்பிள்ளயப் புடிச்சிக்கிட்டே!" வந்தவர் பயந்து போனார். தங்கள் மரத்துப் பேய் என்றால் பழி தங்களுக்குத்தானே. தாங்களே எல்லாம் பார்த்துக்கொள்வதாகவும், குற்றாலத்தில் ஒரு மண்டலம் வைத்து அருவியில் நனைத்தால் சரியாகிவிடும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் அம்மா என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். "பேய் புடிச்சா அது அவுக வீட்டுக் காத்து. காது கேக்கலேன்னா அது நாம செஞ்ச மோசடி. வெளங்குதாட்டி? வாயத் தொறந்தியோ, ஒன்னயும் ஒருத்தன் கட்ட மாட்டான்."

எனக்கு அப்போது பதினாறு. இந்த அம்பாசமுத்திரத்து வரனைப் பேசிக்கொண்டிருந்தார்கள். இவரை ஒரு தடவை தேரோட்டத்தில் பார்த்திருந்தேன். பிடித்திருந்தது. உன்னிடம் மறைப்பதற்கு இனி என்ன இருக்கிறது?

குற்றாலத்தில் பேய் ஓட்டுகிற ஒரு வைத்தியரின் ஓலைக் கொட்டகையில் நீயும் அம்மாவும் நானும் இருந்தோம். காலையும் மாலையும் உன் இடுப்பில் கயிற்றைக் கட்டி, அவருடைய ஆள் பேரருவிக்குக் கூட்டிப்போவான். தண்ணீரில் உன்னை நிறுத்திவிட்டு, கயிற்றின் மறுநுனியைப் பிடித்தபடி பீடி குடித்துக்கொண்டு நிற்பான். மூச்சு முட்டி நீ வெளியே வந்தால் மறுபடி உள்ளே தள்ளுவான். ராத்திரி உன் தலைமுடியை நான் துவட்டிவிடுவேன். மண்டையெல்லாம் வலிக்கிறது என்று பிடித்துக்கொள்வாய்.

ஒரு நாள் தாங்க முடியாமல் உனக்கு நேரே உட்கார்ந்து, உதடு தெரிய, "நான் சொல்லிருதேன்க்கா" என்றேன். நீ என் வாயைப் பொத்தினாய். "சொன்னியோ, இதே அருவியில விழுந்துருவேன். கிறுக்குன்னா என்னிக்காவது சரியாவும்னு ஒங்க அத்தான் காத்திருப்பாரு. செவிடுன்னா சரியாவுமா? அன்னிக்கே கொண்டாந்து விட்ருவாருட்டி."

இதில்தான் எனக்கு உன்மேல் கோபம், அக்கா. அம்மா சாகிறவரை, "ஒன் கல்யாணத்துக்காகத்தான் அவ அத்தனையும் பொறுத்துக்கிட்டா" என்று என் காதில் ஓதிக்கொண்டிருந்தாள். இல்லை. நீ அத்தானுக்காகப் பொறுத்துக்கொண்டாய். அவர் அந்தக் கொட்டகைப் பக்கம் ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை. நீ போனது ஆடியில். இலத்தூரில் விட்டுவந்த உன் பிள்ளை புரட்டாசியில் கணை நோய் கண்டு செத்துப் போனான். தை பிறந்ததும் அத்தான் வேறொருத்திக்குத் தாலி கட்டிவிட்டார். புதுப் பெண்ணுக்குக் காது நன்றாகக் கேட்டது. விசாரித்தேன்.

அந்த ஆடி மாதத்துக் காலையை நான் யாரிடமும் சொன்னதில்லை. நீ பாறையைப் பார்த்துத் திரும்பி, இரண்டு உள்ளங்கையையும் அதில் ஊன்றி நின்றிருந்தாய். நான் உன்னிலிருந்து பத்தடி தூரத்தில், கணுக்கால் தண்ணீரில் நின்றேன். திடீரென்று தண்ணீர் செம்மண் நிறமாகி, சருகும் குச்சியுமாக விழ ஆரம்பித்தது. மேலே காட்டில் மழை. "வெள்ளம் வருது! வெலகு, வெலகு!" என்று மேலே நின்றவர்கள் கூவினார்கள். குளித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாம் அலறியடித்து ஓடினார்கள். உன் கயிற்றைப் பிடித்திருந்தவனும் அதைப் போட்டுவிட்டு ஓடினான்.

நீ அசையவில்லை. எல்லோரும் உன்னைப் பார்த்துக் கத்தினார்கள். நானும் கத்தினேன். "அக்கா, ஓடியா! அக்கா, ஓடியா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

உனக்குக் காது கேட்காது என்று உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருத்தி அம்மா. அவள் கொட்டகையில் சோறு பொங்கிக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி நான். பத்தடி நடந்து வந்து உன் கையைப் பிடித்து இழுக்காமல், நின்ற இடத்திலேயே நின்று கத்தினேன். பயந்துவிட்டேனா? தெரியாதது போல நடித்து நடித்து எனக்கே மறந்துவிட்டதா? அல்லது பக்கத்தில் இருந்தவர்கள் முன்னால், உனக்குக் கேட்கும் என்பது போல நடந்துகொண்டேனா? இருபத்தோரு வருஷமாக என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

சித்தாற்றில் தென்காசிப் பக்கம் மறுநாள் உன்னைக் கண்டெடுத்தார்கள். "அத்தன பேர் கத்துதோம், சொரணையே இல்லாம நின்னாளே, முத்துன பைத்தியம்தான்" என்று சனம் பேசிக்கொண்டது. அடுத்த வருஷம் எனக்குக் கல்யாணம் நடந்தது. நன்றாகத்தான் நடந்தது.

அதன் பிறகு குற்றாலத்துக்கு நான் போனதே இல்லை. திங்கட்கிழமை வருகிறவர்களிடம் உலகம்மை காதைப் பற்றிச் சொல்வதா, அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாடை காட்டுவதா என்று முடிவு பண்ண எனக்கு வேறு இடம் தோன்றவில்லை.

சீசனுக்கு அறை வாடகைக்கு விடுகிற ஓர் அம்மாள் வீட்டில் இடம் கேட்டேன். அவர் என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார்.

"ஒத்தையிலயா வந்திய?"

"ஆமா."

"ஆருக்குச் சொகமில்ல?"

"ஆருக்கும் ஒண்ணுமில்ல. ரெண்டு நாள் சும்மா இருந்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"சும்மாவா?" என்றார். என் தாலியைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார். "சும்மா இருக்க ஆம்பிளையதான் வருவாவ. பொம்பளைய வந்தா எதாவது இருக்கும்." ஆனாலும் அறையைக் கொடுத்தார், சாவியோடு.

ஒன்று சொல்கிறேன், என்னை வைதுகொள். அந்தச் சனிக்கிழமை எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சாரல் விழுந்துகொண்டே இருந்தது, தெருவில் நடமாட்டமே இல்லை. யாரோ வைத்த சோற்றை உட்கார்ந்து சாப்பிட்டேன். கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் பகலில் தூங்கினேன். அம்மா என்று கூப்பிட ஆளில்லை, எந்தப் பக்கம் திரும்புவது என்று யோசிக்க வேண்டியதில்லை. நீ செத்த ஊரில் கால்நீட்டிப் படுத்துக்கொண்டு, இப்படி ஒரு நாள் முன்பே வந்திருக்கலாமே என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பேரருவிக்குப் போனேன். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. பதினெட்டு வயதிருக்கும், ஒரு பெண்ணை இடுப்பில் வேட்டியால் கட்டிப் பிடித்திருந்தார்கள். கயிறுக்குப் பதில் வேட்டி. இத்தனை வருஷத்தில் அவ்வளவுதான் முன்னேற்றம். அவள் தண்ணீருக்குள் போக மாட்டேன் என்று திமிறிக்கொண்டிருந்தாள்.

இவளும் உன்னைப் போலத்தான் என்று தீர்மானித்துவிட்டேன். அவள் பின்னால் போய், காதுக்குப் பக்கத்தில் ஓங்கிக் கைதட்டினேன்.

அவள் சட்டென்று திரும்பினாள். "எவ இவ?" என்று கேட்டு என் முகத்தில் துப்பினாள்.

அவள் அம்மா ஓடிவந்து முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். "கோவிச்சுக்காதீங்கக்கா. அவளுக்குக் காது மட்டும் பாம்புக் காது. அதான் எங்களுக்குச் சங்கடமே. நாங்க ராத்திரி அழுது பேசுறதெல்லாம் அவளுக்குக் கேட்டுருது."

எனக்கு ஏமாற்றமாக இருந்தது, அக்கா. அந்தப் பெண் செவிடாக இல்லையே என்று ஏமாற்றம். இவளைக் காப்பாற்றிவிட்டால் உன் கணக்கைத் தீர்த்துவிடலாம் என்று நினைத்திருக்கிறேன் போலிருக்கிறது. என் மனசின் லட்சணம் இது.

பிறகு நானே அருவிக்குள் போய், நீ நின்றது போலப் பாறையைப் பார்த்துத் திரும்பி நின்றேன். கேட்கிற வலது காதை விரலால் அடைத்துக்கொண்டேன். மண்டை எலும்புக்குள் மட்டும் தண்ணீர் இடித்தது. பக்கத்தில் நின்ற பெண் என்னிடம் ஏதோ சொன்னாள், உதடு மட்டும் அசைந்தது. தள்ளி நின்று குளிக்கச் சொல்லியிருக்கலாம். உயிருக்கு ஆபத்து என்றும் சொல்லியிருக்கலாம். எனக்கு எப்படித் தெரியும்? வெளியே வந்து ஈரச்சேலையோடு உட்கார்ந்து அழுதேன். அப்போதுதான் முடிவு செய்தேன்.

முடிவு செய்தவள் வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேனா? சொல்லவில்லை. திங்கட்கிழமை அவளுக்குத் தலை பின்னி, பூ வைத்து, பட்டுச்சேலை கட்டிவிட்டேன். அவள் விருப்பப்படியே வலது பக்கம் உட்கார்ந்தேன். அவள் சேலை மறைவில் தன் கையை என் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

மாப்பிள்ளையும் வந்திருந்தார். அவருடைய அம்மா சாந்தமான மனுஷி. "படிப்பு எத்தனாவது வரைக்கும்மா?" என்று கேட்டார். உலகம்மையின் விரல்கள் என் சாடைக்காகக் காத்திருந்தன. நான் அந்தக் கையை விட்டேன்.

"பிள்ளைக்கு வலது காது மந்தம். எனக்கு இடது காது கேக்காது. எங்க அக்காவுக்கு ரெண்டும் கேக்காது" என்றேன்.

"ஒங்க அக்கா இப்ப எங்க இருக்காவ?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"குத்தாலத்துல செத்துப் போயிட்டா."

அவர்கள் மரியாதையாகக் காப்பியைக் குடித்து முடித்தார்கள். கலந்துபேசிச் சொல்வதாகச் சொல்லிவிட்டு எழுந்தார்கள். இன்றுவரை சொல்லவில்லை. வண்டி போன பிறகு இவர் என்னிடம், "இத்தன வருஷத்துல எங்கிட்டயாவது சொல்லிருக்கலாம்லா?" என்றார். சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

அவளுடைய கேட்காத பக்கத்தில் இருந்துகொண்டு, வந்தவர்கள் பக்கம் திரும்பித் தணிந்த குரலில் நான் பேசியதால் உலகம்மைக்கு ஒன்றும் கேட்கவில்லை. எல்லோருடைய முகமும் மாறியதைத்தான் பார்த்திருக்கிறாள். "என்னம்மா சொன்ன?" என்று கேட்டாள். அவளை எதிரே உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். உன் கல்யாணம், எறும்பு, கொட்டகை, நான் கத்தியது, எல்லாம். என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லி முடித்ததும் எனக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுவாள் என்றுகூட எதிர்பார்த்தேன்.

"பெரியம்மாவுக்குச் செய்ய வேண்டியத எனக்கு எதுக்கும்மா செஞ்ச?" என்றாள். "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா? அவர எனக்குப் புடிச்சிருந்துச்சு. செத்தவளுக்கு என்னயத் தூக்கிப் பலி குடுத்துட்டியே."

அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. அவள் கேட்டதில் தப்பு என்ன இருக்கிறது? வாயை மூடி உன்னைக் கொன்றேன். வாயைத் திறந்து இவளை என்ன செய்திருக்கிறேன்? உனக்குத் தெரிந்தால் சொல்லேன்.

இப்போது அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு எழுந்து போகிறேன். அவளுக்கு முன்னால் போய் நின்று தோளைத் தொடுகிறேன். ஒவ்வொரு தடவையும் என் கையைத் தட்டிவிடுகிறாள். நேற்று தட்டியதில் கண்ணாடி வளையல் உடைந்து மணிக்கட்டில் கீறிவிட்டது. அவள் அதைப் பார்த்தாள், பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

தட்டிவிடட்டும். நாளைக்கும் எழுந்து போவேன். அவள் என்னை மன்னிக்காமலே கிழவியானாலும் போவேன். நீயும் என்னை மன்னிக்க வேண்டாம், அக்கா. இந்த உயிர் இருக்கிறவரை என் பிள்ளையிடம் எட்ட நின்று கத்த மாட்டேன். இது உனக்கு நான் தருகிற சத்தியம்.

இப்படிக்கு,
பத்தடி தூரத்தில் நின்றுவிட்ட உன் கூடப்பிறந்த தங்கச்சி,
செல்லம்